வானம் பார்க்கப் பிள்ளைகளை அனுப்பி வையுங்க

(மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த பெற்றோரும், வன்னியில் குடியேறிய அவர்களது உறவினரும் கலந்துகொண்ட பரந்தன் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கமிருந்து இராமுழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீங்க. உங்களை வரவேற்கிற பரந்தன் ஆட்களில் பாதிப்பேர் உங்க சொந்தக்காரர்தான். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகும், எழுபதுகளில் தோட்டங்களில் பட்டினி வந்த காலத்திலும், மலையை விட்டு இறங்கி இந்த வன்னி மண்ணில் காடு வெட்டிக் குடியேறின குடும்பங்கள் எத்தனையோ. மாமன் அங்கே கொழுந்து நிறுக்கிறார், மச்சான் இங்கே வயல் செய்கிறார். ஆகையினால் இன்றைக்கு நாங்கள் பேசப்போகிற விஷயம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பொதுவானது.

விஷயம் இதுதான். உயர்வகுப்புப் பிள்ளைகளை கொழும்பிலே இருக்கிற கோள்மண்டலத்துக்குக் கூட்டிப்போவது பற்றியும், ஊரிலேயே வானம் பார்க்கப் பழக்குவது பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம்.

இந்தப் பேச்சை எடுத்தவுடனே பெற்றோர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்னாத்துக்குங்க இது? நட்சத்திரத்தைப் பார்த்தா சோறு வருமா?" கேள்வி நியாயமானது. நாட்சம்பளத்தில் வாழ்கிற குடும்பத்துக்கு பஸ் காசு என்பது சின்னக் காசு இல்லை. அதனால் இதற்கு ஒழுங்கான பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். சுற்றுலா என்று நினைத்தால் இது வீண் செலவு. பாடம் என்று நினைத்து, முன்னும் பின்னும் வேலை செய்தால், ஒரு வருஷத்துக் கணக்குப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் அந்தப் பிள்ளைக்கு உயிரோடு எழுந்து நிற்கும். காசில்லை என்று ஒரு பிள்ளையைக்கூட வீட்டில் விட்டுப் போகக் கூடாது என்பதும் எங்கள் கருத்து. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் கோள்மண்டலம் என்றால் என்ன என்று பார்ப்போம்.

கவிழ்த்து வைத்த பெரிய சட்டி மாதிரி ஒரு கூரை. அதன் உட்பக்கம் வெள்ளை. நடுவிலே ஒரு கருவி நிற்கும். அதன் உருண்டைகளிலிருந்து சின்னச்சின்ன வெளிச்சம் கூரையில் விழும். விளக்கை அணைத்ததும் பட்டப்பகலில் நடுச்சாம வானம் தலைக்கு மேலே வந்து நிற்கும். ஜெர்மனியில் கார்ல் சைஸ் கம்பனியின் பொறியியலாளர் வால்டர் பாவர்ஸ்ஃபெல்ட் என்பவர் இப்படிப்பட்ட கருவியை உண்டாக்கி, 1923இல் மியூனிக் நகரத்து நூதனசாலையில் காட்டினார். நூறு வருஷம் தாண்டிவிட்டது.

நமது நாட்டில் 1965ஆம் ஆண்டு கொழும்பு கைத்தொழில் பொருட்காட்சியை ஒட்டி இது கட்டப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் ஏ.என்.எஸ். குலசிங்க என்ற பேர்பெற்ற பொறியியலாளர். வெளியே நின்று பார்த்தால் தாமரைப் பூ மாதிரி இருக்கும். உள்ளே வைத்த கருவி அன்றைய கிழக்கு ஜெர்மனியில் செய்தது. நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகையிலே கூரையைக் கண்ட ஞாபகம் இருக்கலாம். உள்ளே போனவர்கள் கையைத் தூக்குங்க என்று கேட்டால், இந்தக் கூட்டத்தில் எத்தனை கை எழும்பும் என்று உங்களுக்கே தெரியும்.

"வானம் நம்ம வீட்டு வாசலிலேயே இருக்கே, அதைப் பார்க்க கொழும்புக்கு ஏன் போகணும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. உண்மையான வானம் தன்பாட்டில் மெதுவாகத்தான் நகரும். கோள்மண்டலத்தில் ஒரு வருஷத்தை ஐந்து நிமிஷத்தில் ஓட்டிக் காட்டலாம். செவ்வாய்க் கிரகம் முன்னே போய், நின்று, பின்னே வந்து, திரும்ப முன்னே போவதைப் பிள்ளை கண்ணால் காணலாம். இங்கேயிருந்தே வடதுருவத்துக்குப் போய் நின்றால் வானம் எப்படித் தெரியும் என்றும் காட்டலாம். மழையும் இல்லை, மூட்டமும் இல்லை. இதெல்லாம் வாசலில் கிடைக்காது. ஆனால் வாசலில் பார்த்துப் பழகாத பிள்ளைக்கு அங்கே காட்டுவதும் விளங்காது. இரண்டும் வேணும்.

வானம் பார்ப்பது நமக்குப் புதிய விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமது மாதப் பெயர்களைப் பாருங்க. பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறதோ அந்தப் பெயர்தான் மாதத்துக்கு. சித்திரை நட்சத்திரம், சித்திரை மாதம். விசாகம், வைகாசி. கார்த்திகை, கார்த்திகைதான். மகம், மாசி. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற அன்றைக்கு நிலா பூச நட்சத்திரத்தின் பக்கம் நிற்கும். நமது திருவாதிரையைத்தான் வெள்ளைக்காரன் பீட்டல்ஜூஸ் என்கிறான், கேட்டையை அன்டாரஸ் என்கிறான். தோட்டத்துக் கிழவிக்கு விடிவெள்ளி தெரியும். வன்னி விவசாயிக்கு ஆறாமீன் கூட்டம் தெரியும். பேர் தெரியும், இடம் தெரியும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

பாடசாலையில் வானியல் படிப்பதும் இந்த வட பகுதிக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானியல் ஒரு பாடம். அங்கே இருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் 1848இல் நம்மவரின் வானக் கணிதத்தைப் பற்றியே ஒரு புத்தகம் அச்சிட்டார். காரைநகரைச் சேர்ந்த அலன் ஆபிரகாம் என்ற ஆசிரியர், 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்த நேரம் அதன் போக்கைக் கணித்தவர் என்று பேர் பெற்றவர். பரந்தனுக்கும் விஞ்ஞானம் அந்நியமல்ல. ஆனையிறவு உப்பை எடுத்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பெரிய இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் இந்த ஊரில்தான் ஓடியது. யுத்தம் அதை அழித்துப்போட்டது.

யுத்தம் அழித்தது கட்டடத்தை மட்டுமா? வன்னியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்த விதமே வேறு. சத்தம் கேட்டால் மேலே பார்க்கிறது, விமானம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறது, பதுங்குகுழிக்கு ஓடுகிறது. இரவிலே வெளிச்சம் தெரிந்தால் அது பரா வெளிச்சம். இங்கே இருக்கிற தாய்மாருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2009 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அப்படி மேலே பார்த்த பிள்ளைகள்தான் இன்றைக்குத் தகப்பனும் தாயும் ஆகியிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே வானத்தைப் பயமில்லாமல், அறிவோடு பார்க்க வேண்டும். எங்களுக்கு இந்த வேலையில் உள்ள அக்கறைக்கு முதல் காரணம் இது.

யுத்தம் முடிந்து எட்டு மாதத்தில், 2010 சனவரி 15ஆம் திகதி, ஒரு வளையக் கிரகணம் வந்தது. பகல் ஒன்றரை மணி அளவில் சூரியன் நடுவிலே கறுத்து, ஓரம் மட்டும் தங்க வளையல் மாதிரி வட பகுதி முழுவதும் நின்றது. சுமார் பத்து நிமிஷம். அந்த வளையத்தின் பாதை பரந்தனுக்கு மேலேயும் போனது, வவுனியா வரைக்கும் பரந்திருந்தது. ஆனால் வன்னிச் சனத்தில் ஏராளமானோர் அந்த நேரம் இன்னும் வவுனியா முகாம்களில் கிடந்தார்கள். யாருக்குப் பார்க்கிற மனசு இருந்தது?

பிறகு 2019 டிசம்பர் 26. அன்றைக்கும் வளையக் கிரகணம். காலை ஒன்பதரை மணி அளவில், சுமார் மூன்று நிமிஷம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை எல்லாம் பாதைக்குள்ளே. பதினைந்து வருஷத்துக்கு முன்னே அதே திகதியில்தான் கடல் எழும்பி முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போனது. மலையகத்துக்குக் கிடைத்தது பகுதிக் கிரகணம். அதைக்கூட எத்தனையோ வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள்.

பெரியோர்களின் நம்பிக்கையை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. விரதம் இருக்கிறவர்கள் இருங்க, முழுகுகிறவர்கள் முழுகுங்க. ஆனால் ஒன்றை யோசியுங்க. பஞ்சாங்கக்காரரும் கணக்குப் போட்டுத்தான் கிரகண நேரத்தைச் சொல்கிறார். கணக்கு என்றால் அதைப் பிள்ளைகளும் படிக்கலாம்தானே? வெறுங்கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கெட்டுப் போகும், அது சத்தியம். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடி ஒன்றுமே உதவாது. அதற்கென்று செய்த கண்ணாடி வேணும். அது இல்லாவிட்டால் ஒரு அட்டையில் ஊசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சத்தைத் தரையில் விழுத்திப் பாருங்க. மரத்தடியில் போய் நின்றாலும் போதும். இலை இடுக்கால் விழுகிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் குட்டி வளையமாகத் தெரியும். ஒரு சதம் செலவில்லை.

இனி, செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்றைச் சொல்கிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்க.

சித்திரைப் புத்தாண்டு நாள், அதாவது ஏப்ரல் 14ஆம் திகதி அளவில், பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிஷம் போல சூரியன் பரந்தனுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஒரு மீற்றர் நீளமான நேர்த்தடியைக் குத்தி நிறுத்தினால் அதற்கு நிழல் இருக்காது. அதே நேரம் அட்டனில் அதே அளவுத் தடியை நிறுத்தினால் தென் பக்கமாக ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர் நிழல் விழும். ஏன்? பூமி உருண்டை. அட்டன் பரந்தனுக்குத் தெற்கே இருக்கிறது. பூமி தட்டையாக இருந்தால் இரண்டு இடத்திலும் நிழல் ஒன்றாக இருக்க வேணும்.

நூறு சென்ரிமீற்றர் தடிக்கு நாலரை சென்ரிமீற்றர் நிழல் என்றால் கோணம் எவ்வளவு? சாதாரண தரக் கணிதப் புத்தகத்திலே தான்சன் என்று ஒன்று இருக்கிறது. போட்டுப் பாருங்க, இரண்டரைப் பாகைக்குக் கொஞ்சம் கூட வரும். பரந்தனுக்கும் அட்டனுக்கும் வடக்குத் தெற்காக நேர்த்தூரம் ஏறத்தாழ 280 கிலோமீற்றர். முழு வட்டம் 360 பாகை. இரண்டரைச் சொச்சம் பாகைக்கு 280 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதுதான் பூமியின் சுற்றளவு. சுமார் 2,200 வருஷத்துக்கு முன் எகிப்தில் எரற்றொஸ்தனிஸ் என்ற அறிஞர் செய்த கணக்கு இதே வழிதான்.

யோசித்துப் பாருங்க. அட்டன் லயத்து வாசலில் ஒரு பிள்ளை தடியோடு நிற்கிறது. பரந்தன் முற்றத்தில் அதன் மச்சான் இன்னொரு தடியோடு நிற்கிறான். "உனக்கு நிழல் எவ்வளவு?" "எனக்கு இல்லை, உனக்கு?" ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உலகத்தை அளந்துவிடுகிறார்கள். புத்தாண்டு நாளில் மூட்டமாக இருந்தால் முன்பின் ஒரு நாளில் செய்யலாம். அப்போது இரண்டு இடத்துக் கோணத்தையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேணும், அவ்வளவுதான்.

இரவிலும் இதே பாடம் இருக்கிறது. வடதுருவ நட்சத்திரம் பரந்தனில் அடிவானத்துக்கு மேலே ஒன்பதரைப் பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. ஆகவே ஒரு முஷ்டி உயரம். அட்டனில் அது ஏழு பாகைதான், அதுவும் மலை மறைத்துக்கொள்ளும். தோட்டத்துப் பிள்ளை பிறந்ததிலிருந்து துருவ நட்சத்திரத்தைக் காணாமலே வளர்ந்திருக்கும். இந்த வெளியில் நின்று வடக்கே ஆனையிறவுப் பக்கம் பார்த்தால் தெரியும். ஆடி மாதத்தில் மலையில் மூட்டமும் தூறலுமாக இருக்கிற நேரம் இங்கே மழை இல்லை. நிலா இல்லாத இரவில் தெற்கே தேளின் உருவத்தை முழுதாகப் பார்க்கலாம். மார்கழியில் இங்கே மழை. தை பின்பகுதியிலிருந்து பங்குனி வரை மலையில் வானம் வெளிச்சிருக்கும் இரவுகள் கிடைக்கும். உறவுக்காரப் பிள்ளைகள் விடுமுறையில் மாறி மாறி வந்து போனால் இருவருக்கும் வருஷம் முழுக்க வானம் உண்டு.

இப்போது கோள்மண்டலப் பயணத்துக்கு வருவோம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள் சில.

போவதற்கு முன் ஒரு மாதம், பிள்ளை ஒவ்வொரு நாளும் நிலாவைப் பார்த்துக் கொப்பியில் வரைய வேண்டும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், என்ன வடிவம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்ததற்கு இருபத்தொன்பதரை நாள் என்று புத்தகம் சொல்வதை அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கேள்விதான் உண்மையான டிக்கட் என்று சொல்லிக் கொடுங்க.

காட்சி தமிழில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பதியுங்க. கேட்காமல் போனால் வேறு மொழிக் காட்சியில் உட்கார வேண்டி வரலாம். திருத்த வேலைக்காக மூடியிருப்பதும் உண்டு. ஆகையால் பஸ் பிடிக்க முன் விசாரித்துக்கொள்ளுங்க. கொழும்பு போகிற பயணத்தில் மொரட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தையும் விசாரிக்கலாம். ஜப்பான் அரசு 1996இல் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு, போன பிள்ளைகள் போகாத பிள்ளைகளுக்குப் பாடசாலை முற்றத்திலே, இரவில், நட்சத்திரம் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாய்மாரும் வந்து நில்லுங்க. அப்பதான் பயணம் முடிந்ததாகக் கணக்கு.

காசு விஷயம். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம். சுற்றுலா அறிவித்தவுடனே சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். காசில்லை என்று வீட்டிலும் கேட்கமாட்டாது, ஆசிரியரிடமும் சொல்லமாட்டாது. "எனக்கு பஸ்ஸில் தலை சுத்தும் சேர்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வீட்டிலே இருக்கும். அந்தப் பிள்ளைதான் வகுப்பிலே நன்றாகக் கணக்குச் செய்கிற பிள்ளையாக இருக்கும். ஆகையால் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்க வேண்டாம். வருஷத் தொடக்கத்திலே ஒரு உண்டியல் வையுங்க. முடிந்தவர்கள் முடிந்ததைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டது என்று எழுத வேண்டாம். சேர்ந்த காசுக்கு எல்லாரும் போகலாம் என்றால் போங்க. போதாவிட்டால் அடுத்த வருஷம் போங்க. ஒரு வருஷம் பொறுத்தால் வானம் எங்கேயும் போய்விடாது. வன்னிப் பிள்ளைகளுக்குத் தூரம் அதிகம். ஆனால் 1990இல் நின்றுபோன ரயில் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்துவிட்டது. பஸ் வாடகையையும் ரயில் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்க.

அடுத்தது பெண் பிள்ளைகள். "பொம்பளப் புள்ளய ராத்திரி வானம் பார்க்கவா அனுப்புறது?" என்று கேட்பீங்க. கூட நீங்களும் வாங்க என்பதுதான் எங்கள் பதில். நமது நாட்டின் முதலாவது செய்மதி இராவணா-1 2019இல் விண்ணுக்குப் போனது. அதைச் செய்த இரண்டு இளம் பொறியியலாளரில் ஒருவர் பெண். 2007இல் தாய்லாந்தில் தொடங்கிய சர்வதேச வானியல் ஒலிம்பியாட் போட்டிக்கு இலங்கை மாணவர்களும் போகிறார்கள். தோட்டத்துப் பிள்ளையும் வன்னிப் பிள்ளையும் அந்தப் பெயர்ப்பட்டியலில் வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நட்சத்திரம் படித்த எல்லாரும் விஞ்ஞானி ஆகப்போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற பிள்ளைக்கு, "என்னாலும் உலகத்தை அளக்க முடிந்தது" என்ற ஒரு நினைப்பு இன்னும் இரண்டு வருஷம் படிக்கத் தெம்பு கொடுக்கும். நாங்கள் நம்புவது அதைத்தான்.

கடைசியாக ஒரு திகதி. 2031 மே 21. அன்றைக்குத் தென்னிந்தியாவிலும் இலங்கையின் வட பகுதியிலும் மறுபடியும் வளையக் கிரகணம் தெரியும். இன்றைக்கு ஆரம்ப வகுப்பு முடிக்கிற பிள்ளை அப்போது சாதாரண தரம் எழுதுகிற வயதில் இருக்கும். 2010இல் முகாமில் இருந்தோம். 2019இல் பாதிப்பேர் கதவைப் பூட்டிக்கொண்டோம். மூன்றாவது முறை மலையகத்துப் பிள்ளைகள் ரயில் ஏறி இங்கே வரட்டும். வன்னிப் பிள்ளைகள் அட்டையில் துளை போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். அதற்கான வேலையை இந்தச் சித்திரையிலே, ஒரு மீற்றர் தடியோடு தொடங்குங்கள்.